மூணாம் தரத்துக்கு முந்தி

பெட்டியின் மேல் அறுபத்து நாலு ஜிபி என்று கட்டைவிரல் தடிமனில் அச்சடித்திருக்கிறார்களே, அப்புறம் எப்படி இடம் இல்லாமல் போகும் என்று கேட்கத்தான் கொம்பையா வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன? புற்று வந்த குரல்வளையை ஆஸ்பத்திரியில் எடுத்துப்போட்டு, ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தாயிற்று. ஆனாலும் இந்த வாய்க்கு மட்டும் புத்தி வரமாட்டேன் என்கிறது. எது நடந்தாலும் முதல் ஆளாகத் திறந்துகொண்டு நிற்கிறது. கழுத்துக் குழியில் டாக்டர் வைத்த ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று ஒரு காற்று வந்து, மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியை லேசாகத் தூக்கிவிட்டுப் போனது. அவர் கேட்ட கேள்வி அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் இருந்த சம்சாரம் ஆவுடை அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ரெஜினா என்ற கடைப்பெண்ணும் கவனிக்கவில்லை. அவள் புதுப் போனையும் பழைய போனையும் ஒரு சின்ன வயரால் கோத்துப் போட்டு, மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பழசுதான் இப்போது கொம்பையாவுக்கு வாய். தண்ணி வேணும், ஃபேனைக் குறை, மருந்து கசக்குது என்பதெல்லாம் அதில் எழுதி ஆவுடையின் முகத்துக்கு நேரே நீட்டித்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது. நல்லா இருக்குலே உன் பிழைப்பு, ஊமைக்கு மேல ஊமை என்று தன்னையே வைதுகொண்டு கையைக் கட்டிக்கொண்டார்.

“அறுபத்து நாலுன்னா முழுசும் நமக்குக் கிடைக்காது ஆன்ட்டி,” என்று ரெஜினா சொல்லிக்கொண்டிருந்தாள். “போன் ஓடுறதுக்கே ஒரு பங்கு எடுத்துக்கிடும். அப்புறம் கம்பெனியே ஆப் எல்லாம் போட்டுத்தான் அனுப்புது. அது போக மிச்சந்தான் நமக்கு.” ஆவுடை விடுவாளா, “நமக்கு வேண்டாத ஆப்பை எடுத்துற வேண்டியதுதான?” என்றாள். “எடுக்க வர்றதை எல்லாம் எடுத்துட்டேன் ஆன்ட்டி. சிலது எடுக்கவே வராது. வேணும்னா கண்ணுல படாம மறைச்சு வைக்கலாம், ஆனா உள்ள இருக்கத்தான் செய்யும்.” கொம்பையா எட்டிப் பார்த்தார். புதுப் போனின் முகத்தில் கலர் கலராகக் கட்டம் கட்டமாக நின்றிருந்தார்கள். மிட்டாய் உடைக்கும் விளையாட்டு ஒன்று, சீட்டாட்டம் ஒன்று, சேலை விற்கிறவன், செய்தி சொல்கிறவன், ஜோசியம் பார்க்கிறவன், படம் பார்க்க ஒன்றுக்கு ரெண்டு, பாட்டுக் கேட்க ஒன்றுக்கு ரெண்டு. யாரப்பா நீங்கள் எல்லாம்? சாவி வாங்கிப் புது வீட்டுக்கதவைத் திறந்தால் உள்ளே ஏற்கனவே நாலு குடும்பம் பாயை விரித்துப் படுத்துக்கிடக்கிறதே, கேட்டால் நாங்க வீட்டோட சேந்ததுங்க என்கிறார்களே. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஏலம் விட்ட வாழைக்காய் மண்டியிலும் இதே கதைதான். தாரை எடை போடும்போது தண்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனவன் சீப்பு சீப்பாய் அறுத்துத் தின்றுவிட்டுக் கடைசியில் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பான். அப்படி முழித்தவர்களைப் பார்த்துத் தார்னா தண்டு இருக்கத்தான்யா செய்யும் என்று அவரே எத்தனை தடவை வாயடித்திருக்கிறார். இப்போது அந்தத் தண்டு அவர் கைக்கு வந்திருக்கிறது. வாயடிக்கத்தான் ஆள் இல்லை.

வாயடிக்க ஆள் இல்லை என்று நினைத்ததும் மனசு மண்டிக்குள் போய் நின்றுகொண்டது. விடிகிற நேரம், லாரியிலிருந்து இறக்கிய வாழைத்தார்கள், ஏத்தனும் கோழிக்கூடும் செவ்வாழையுமாகத் தரை முழுக்கக் கிடக்க, நடுவில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று ஏலம் விடுவார். அந்தக் குரல் ரோட்டைத் தாண்டி எதிர்த்த டீக்கடை வரைக்கும் போகும். டீ குடித்துக்கொண்டிருக்கிற வியாபாரி அங்கிருந்தே கையைத் தூக்குவான். மைக்கு வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொன்னபோது, மைக்கு எதுக்கு அண்ணாச்சி, நான் மெதுவாப் பேச ஏதாவது வழி இருந்தா வாங்கிக் குடுங்க என்றார். மெதுவாகப் பேச வழி கிடைத்துவிட்டது, போதுமா? இனி ஒரு தேங்காய் உடைகிற அளவுக்குக்கூடச் சத்தம் கிடையாது. இந்தக் கடைக்குள் ஏசி வேறு. காற்று மூக்கு வழியாகப் போனால் ஈரமாகிப் போகும். ஓட்டை வழியாக நேரே போகிறதால் குளிரும் வறட்சியும் நெஞ்சுக்குள் மணல் மாதிரி இறங்குகிறது. மேலே ஒரு ஸ்பீக்கர் ஆஃபர் ஆஃபர் என்று அலறிக்கொண்டிருக்கிறது. யாருக்கெல்லாம் கடவுள் குரல் கொடுத்திருக்கிறான் பார், அந்தச் சுவரில் தொங்குகிற டப்பாவுக்கு. அந்தப் பெண் ரெஜினா ஏதோ செண்ட் போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் மூக்கைச் சுளிக்கிறார்கள், அவருக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. குரலை எடுக்கும்போது வாசத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதுவும் தண்டுக் கணக்குத்தான்.

இந்தப் போனே வேண்டாம் என்றுதான் அவர் ஒற்றைக் காலில் நின்றார். மகள் பாமா ஓசூரிலிருந்து அம்மாவுக்கு ஏற்றிவிட்டாள், எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டுகிற போன் வந்திருக்கிறதாம், அப்பா எழுதினால் அதுவே பேசிவிடுமாம். அன்றிலிருந்து ஆவுடைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நான் அடுப்படியில இருக்கும்போது நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்லா, ஒவ்வொரு தடவையும் கரண்டியை வச்சு டம்ளரை வச்சுத் தட்டுதிய, நெஞ்சு திக்குன்னு ஆகுது எனக்கு என்றாள். நியாயம்தான். அவர் பழைய போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இதுக்கு என்ன கேடு என்று எழுதிக் காட்டினார். கண்ணாடி விரிசல் விட்டு, பேட்டரி உப்பி, முதுகு பிதுங்கிக் கிடக்கிறது, இதுக்கு என்ன கேடாம் என்று அவள் பதிலுக்குக் கேட்டாள். பழசை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் என்று அவளே முடிவு பண்ணினாள். சரி போகட்டும், உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே புதுசுக்கு வந்துவிடும் என்று பாமா சொன்னதைக் கேட்டுத்தான் கொம்பையா தலையை ஆட்டினார். எல்லாம் வந்துவிடும் என்றால் அதுவும் வந்துவிடும். அது என்று அவர் நினைத்தது என்ன என்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆவுடைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒருத்தி சொன்னாள், ஆபரேஷனுக்கு முந்தி ஏதாவது பேசிப் பதிஞ்சு வச்சுக்கோங்க ஐயா, பின்னாடி வேணும்னு தோணும். எனக்கு எதுக்கும்மா எம் பேச்சு, கேட்டவன் எல்லாம் ஏற்கனவே காது போய்க் கிடக்கான் என்று அப்போது நக்கலடித்தார். வீட்டுக்கு வந்தபிறகு அது முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மன் கோவிலுக்கு ஆவுடை போயிருந்த ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தார். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, ஹலோ என்றார். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஊரையே வாயால் விற்ற மனுஷனுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை, கூத்தைப் பாருங்கள். பக்கத்து மாடியில் காய்ந்த வேட்டியை ஏலம் விட்டார். தொட்டி மேல் உட்கார்ந்து எச்சம் போட்ட புறாவை அதன் ஏழு தலைமுறையோடு சேர்த்து வைதார். அப்புறம் ஆவுடை என்றார். சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏளா என்பார், இந்தா என்பார், பாமா அம்மை என்பார். அவர் வீட்டில் எந்த ஆம்பிளையும் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் கிடையாது. முதல் தடவை ஏலம் விடுகிற குரலில் வந்துவிட்டது, பக்கத்து மாடிக்காரி எட்டிப் பார்த்தாள். அதனால் இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். ஆவுடை, ஏ ஆவுடை, இங்க வா. அவ்வளவுதான் பதிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். கட்டிலில் கிடக்கும்போது ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது, அவருடைய செருமல், அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டார். தீபாவளிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். பொங்கலுக்குக் கொடுக்கலாம் என்று தள்ளினார். பயம்தான், வேறென்ன. அதைக் கேட்டுவிட்டு அவள் தன்னை மாலை போட்ட போட்டோவைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிடுவாளோ என்று பயம். உள்ளேதானே இருக்கு, எங்க போயிரப் போகுது என்று தினமும் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

“ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் எதையாவது விட்டாத்தான் உள்ள போகும்,” என்றாள் ரெஜினா. “போட்டோ வேணுமா?” வேணும் என்றாள் ஆவுடை. “வீடியோ?” ஐயோ, பேத்தி தவழ்றது எல்லாம் அதுலதான் இருக்கு. “அப்போ ஆடியோ. இது எக்கச்சக்கமா அடைச்சுக்கிட்டு கெடக்கு. எல்லாம் கால் ரெக்கார்டிங் போல.” கொம்பையாவின் முதுகு நிமிர்ந்தது. அது உண்மைதான், அவர் போனில் வருகிற பேச்சு எல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தார். காலையில் ஒரு விலை சொல்லிவிட்டு மத்தியானம் நான் அப்படிச் சொல்லலியே என்று மண்டிக்காரன் எவனாவது மாத்திப் பேசினால் போட்டுக் காட்டத்தான். அந்தக் குப்பைக்கு நடுவில்தான் தண்ணீர்த் தொட்டி நிழல் கிடக்கிறது. “அது பூராம் மண்டிப் பேச்சும்மா,” என்றாள் ஆவுடை, “ஏத்தன் என்ன விலை, லாரி எங்க வருதுன்னு. இனிமே அது எதுக்கு. எடுத்துரு, எடுத்துரு.” அவர் சடாரென்று மேசைக்கு மேல் கையை நீட்டினார். “அங்கிள், வயர் கழண்டுரும், கையை எடுங்க,” என்று ரெஜினா போனை இன்னும் தள்ளி வைத்தாள். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். ஆவுடை அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சிரித்தாள். “அவுகளுக்குப் பழசை விட மனசு வராதும்மா. வீட்டுல ஓட்டை வாளியைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டாக.” ஏளா, வாளி இல்லளா, வாளி இல்ல. எழுத ஒரு பேனா கிடைக்காதா என்று கண்ணால் துழாவினார். கடை முழுக்க ஒரு பேனா இல்லை. கையெழுத்தையே விரலால் கண்ணாடியில் போடச் சொல்கிறார்கள். காற்றில் எழுதிக் காட்டினார், ஆ என்று, வ என்று. “ஆமா ஆமா, வீட்டுக்குத்தான் போறோம், இந்தா முடிஞ்சிரும்,” என்றாள் அவள்.

வயரைக் கழற்றினாள் ரெஜினா. புதுசுக்குப் போக வேண்டியது போய்விட்டதாம். அந்தத் தமிழ்க் குரலுக்கே நிறைய இடம் எடுத்துக்கொண்டதாம், ஆனால் அருமையாகப் பேசுமாம். இனி பழசை ஒன்றுமில்லாமல் துடைத்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் போட்டுவிடலாம். அவள் அமுக்கினாள். “எல்லாம் அழிஞ்சிரும், சரியான்னு கேக்குது.” சரி என்றாள் ஆவுடை. கொம்பையாவுக்குள் யாரோ மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று ஒருதரம் என்றான். அவருடைய குரல்தான், உள்ளே மட்டும் இன்னும் கணீரென்று இருக்கிறது. “திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமான்னு கேக்குது.” நிச்சயந்தாம்மா. ரெண்டுதரம். ரெண்டாம் தரம் சொன்னபிறகு ஒரு மூச்சு விட வேண்டும். அவசரக்காரன் விடமாட்டான், ஆனால் கொம்பையா ஒரு நாளும் அந்த மூச்சைத் திருடியது கிடையாது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் கூட்டம் பூராவையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவருவார். எவனாவது மனசு மாறிக் கையைத் தூக்குவான். காதைச் சொரியத் தூக்கின கையைக்கூட அவர் விட்டதில்லை, என்ன மாப்ளே காதா ஏலமா என்று கேட்டுவிட்டுத்தான் மூணாம் தரம். அதற்கு முந்தி எந்த மகராசன் கையைத் தூக்கினாலும் நின்றே ஆக வேண்டும், அதுதான் சட்டம். கொம்பையா எழுந்து வலது கையைத் தூக்கினார். தலைக்கு மேலே, நன்றாக, டீக்கடையில் இருக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி தூக்கினார். தூக்கிக்கொண்டு நின்றார். பாருங்கம்மா, ஒருத்தன் நிக்கான், பாருங்க. அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்குள் இறங்கியிருந்த மணல் கிளம்பிவிட்டது. ஓட்டை வழியாக இருமல் பீறிட்டது, துணி நனைந்தது, கண் இருட்டியது, கால் மடங்கி நாற்காலியில் விழுந்தார். கையை மட்டும் இறக்கவில்லை.

“ஐயோ, சளி அடைச்சுட்டு,” என்று ஆவுடை பையைத் திறந்து துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். அவள் கை எப்போதும் போல இதமாகத்தான் இருந்தது. அந்த இதத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “ஆன்ட்டி, கடைசியா அங்கிள் ரேகை கேக்குது,” என்றாள் ரெஜினா போனை நீட்டிக்கொண்டு. “இந்தா, அதுக்குத்தான கையைத் தூக்கி வச்சிருக்காக,” என்று சொல்லி ஆவுடை அந்தத் தூக்கிய கையை அப்படியே பிடித்து இறக்கினாள். அவர் விரலை மடக்கினார். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள், ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது பிரித்த மாதிரியே, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே. கட்டைவிரல் வேர்வையில் ஒட்டவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இருமல் விட்டபாடில்லை, இழுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. விரலுக்கு அடியில் போன் ஒரு தரம் சின்னதாக அதிர்ந்தது. மூணுதரம் என்று உள்ளே இருந்தவன் சொல்லவில்லை. பெட்டியை விட்டு இறங்கி எங்கோ போய்விட்டான்.

விரிசல் விட்ட அந்தக் கண்ணாடி கறுத்து, கொஞ்ச நேரம் கழித்து வெளுத்து, இன்னார் என்று தெரியாத யாருக்கோ வணக்கம் சொன்னது. புதுப் போனை ஆவுடையே வாங்கி அவர் மடியில் வைத்தாள். “இப்ப எழுதுங்க. எதுக்கு அப்படித் தட்டுனிய, என்ன வேணும்?” சேலை விற்கிறவன் ஒருவன் குறுக்கே வந்து தள்ளுபடி என்றான், அவனைத் தள்ளிவிட்டு எழுதத் தொடங்கினார். அதுல ஒன் பேரு இருந்துச்சுளா. நான் கூப்பிட்டது. எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, புதுப் போன் பேசுவதைக் கேட்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் என்ன ஆகும்? எடுத்துரு எடுத்துரு என்று சொன்ன வாயை அவள் வாழ்நாள் பூராவும் அடித்துக்கொள்வாள். கொம்பையா எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஒண்ணுமில்ல என்று எழுதி அமுக்கினார். “ஒண்ணுமில்ல,” என்றது போன். செய்தி வாசிக்கிற பையன் குரல், கழுவித் துடைத்த மாதிரி, செருமல் இல்லை, மூச்சு இல்லை. அந்தக் குரல் கம்பெனி போட்டது. எடுக்கவே வராது.

“பேசிட்டியளே!” என்று ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. “கேட்டியா ரெஜினா, அவுக பேசிட்டாக.” ரெஜினாவும் கை தட்டினாள். ஆவுடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, கல்யாணப் பெண் மாதிரி குரலைத் தாழ்த்தி, “எம் பேரைச் சொல்லச் சொல்லுங்களேன்,” என்றாள். “ஒரு நாளும் நீங்க கூப்பிட்டதில்லலா. அதுவாச்சும் கூப்பிடட்டும்.” அவருக்கு வாய் திறந்துகொண்டது. புஸ்ஸென்று காற்று வந்து துணியைத் தூக்கிவிட்டுப் போனது. ஆவுடை என்று எழுதினார், மூன்றே எழுத்து, அமுக்கினார். “ஆவுடை,” என்றது போன். அவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். “இன்னொரு தரம்.” அமுக்கினார். “ஆவுடை.” “இன்னொரு தரம்ங்க.” அவர் மூணாவது தரம் அமுக்கும்போது ரெஜினா பழைய போனை எடுத்துக் காலுக்கடியில் இருந்த பெட்டியில் போட்டாள், அதற்குள் ஏற்கனவே நிறையப் போன் கிடந்தது.